மஞ்சள் காய்ச்சலும் மாக்ஸ் தைலரும்



மஞ்சள் காய்ச்சல் என்றதும் நம்மில் பலர் மஞ்சட்காமாலையை நினைத்துக்கொள்வர். காமாலை பல காரணங்களால் தோன்றும் ஓர் அறிகுறி. மஞ்சள் காய்ச்சலோ ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் நிலைகொண்டுள்ள வைரஸ் நோய். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் கொட்டாங்கச்சியிலும் வளர்ந்து டெங்குவைப் பரப்புகிறதே, அந்த ஏடிஸ் கொசுவே நகரங்களில் இதனையும் பரப்புகிறது. கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881-இல் கொசுவின்மீது குற்றம் சாட்டினார். 1900-இல் வால்ட்டர் ரீடின் குழுவினர் அதனை மெய்ப்பித்தனர். ஆயினும், அக்கொசு சுமந்து செல்வது எதனை என்பது அதன்பின்னரும் நெடுநாள் புலப்படவில்லை.

மாக்ஸ் தைலர் 1899-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் பயின்று, 1922-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் ஹிடேயோ நோகுச்சி என்னும் ஜப்பானிய அறிஞர் புகழின் உச்சியில் இருந்தார். சுருள் வடிவமான ஒரு நுண்ணுயிரே மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அது வீல் நோய் என்னும் வேறொரு நோயின் கிருமியே என்று, இளைஞரான தைலர் ஸெல்லார்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1926-இல் எடுத்துக்காட்டினார்.

உண்மைக் காரணம் மறு ஆண்டே மேற்கு ஆப்பிரிக்காவில் அகப்பட்டது. இன்றைய கானா நாட்டில் அசிபி என்பவருக்கு இலேசான காய்ச்சல் கண்டது. அவர் பிழைத்துக்கொண்டார்; அவருடைய இரத்தம் செலுத்தப்பட்ட ரீசஸ் குரங்கோ மாண்டது. இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட குரங்கினம் அது. நோயை விலங்கில் உண்டாக்கி ஆராயும் வழி அதனால் பிறந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட ஏட்ரியன் ஸ்டோக்ஸ் 1927-இல் அந்நோய்க்கே இரையானார். 1928-இல் தம் கொள்கையைச் சோதிக்க ஆப்பிரிக்கா சென்ற நோகுச்சியும், அவருடைய உடலை அறுத்துச் சோதித்த யங் என்ற மருத்துவரும் அடுத்தடுத்து இறந்தனர். தைலரையும் 1929-இல் நோய் தொட்டது. நல்வினையாக அது கடுமையாகவில்லை. அவர் உடலில் எதிர்ப்பாற்றல் நிலைத்தது.

குரங்கு விலை மிகுந்தது, கையாளவும் கடினம். வெள்ளெலியின் மூளையில் வைரஸைச் செலுத்தினால் போதும் என்று தைலர் 1930-இல் வெளியிட்டார். மலிவான சிறு பிராணி ஒன்று கிடைத்ததும், நூற்றுக்கணக்கில் சோதனைகள் செய்வது இயல்வதாயிற்று. அவ்வாண்டே நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தில் சேர்ந்தார்.

இனித் தடுப்பு மருந்து. எலி மூளையில் வளர்ந்த வைரஸ் ஈரலைத் தாக்கும் வலிமையை இழந்தது. ஆனால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் வலிமையைப் பெற்றது. இந்தத் தீமையை நீக்க, அசிபியின் வைரஸை முதலில் எலிக்கருத் திசுவிலும், பிறகு கோழிக்கருத் திசுவிலும், இறுதியில் மூளையும் தண்டுவடமும் நீக்கிய கோழிக்கருத் திசுவிலும் குடுவை குடுவையாக மாற்றி மாற்றி வளர்த்தனர். 89-ஆவது மாற்றத்திற்கும் 114-ஆவது மாற்றத்திற்கும் இடையே எங்கோ அதன் நஞ்சு தணிந்துபோயிற்று. அதுவே 17டி. மீண்டும் முயன்றபோது அம்மாற்றம் நிகழவில்லை. தைலர் அதனை மறைக்கவுமில்லை. கண்டுபிடிப்பைவிட இந்த நேர்மையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஹ்யூ ஸ்மித்துடன் 1937-இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டே பிரேசிலில் ஊசி போடும் பணி தொடங்கிற்று. சில ஆண்டுகளில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் பயனடைந்தனர். ஆயின் ஒரு விபரீதமும் நேர்ந்தது. மருந்து கெடாதிருக்க மனித இரத்தத்தின் சீரத்தைக் கலந்திருந்தனர். பிரேசிலில் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் காமாலை கண்டது. அங்கே 1940-இல் சீரம் கைவிடப்பட்டது. நியூயார்க்கிலோ தொடர்ந்து சேர்த்துவந்தனர். 1942-இல் அமெரிக்கப் படைவீரர் ஏறத்தாழ 50,000 பேர் காமாலையில் விழுந்தனர். சீரத்தில் இருந்த வேறொரு வைரஸ், இன்று ஹெபடைடிஸ் பி என்று நாம் அறிவது, அதற்குக் காரணம். 17டி குற்றமற்றது. எச்சரிக்கை வந்தபின்னும் இரண்டாண்டு தாமதித்தது மன்னிக்கத்தக்கதென்று எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் சீரமின்றியே மருந்து செய்யப்பட்டது.

தைலருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் தடுப்பு மருந்து ஒன்றுக்காக அப்பரிசு வழங்கப்பட்டது அதுவே முதன்முறை. 1972-இல் அவர் காலமானார்.

நம் நாட்டில் ஏடிஸ் கொசு உண்டு. நோய்க்கு எளிதில் இரையாகும் குரங்கினமும் உண்டு. நோய் மட்டும் வந்து குடியேறவில்லை. ஆகவேதான் நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் ஊசிச் சான்று கேட்கின்றனர். இல்லாதவரைத் தனிமையில் வைக்கின்றனர். அந்நாடுகளுக்குப் புறப்படுவோர் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்கின்றனர். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்த அச்சான்று, 2016 முதல் ஆயுள் முழுவதும் செல்லும். அங்கே கையில் ஏற்றப்படும் மருந்து, அக்கோழிக்கருக் குடுவைகளிலிருந்து வழிவழியாக வந்த 17டி வைரஸே.