பற்றவைப்புக் கோணம் என்னும் ஆவணம்

பழைய காரின் பணிமனைக் கையேட்டை வரலாற்று மாணவர்கள் ஆவணமாகப் படிப்பது அரிது. பிஸ்டன் உச்சியை அடைவதற்கு எத்தனை பாகை முன்னதாகத் தீப்பொறி பாய வேண்டும் என்பதே இக்னிஷன் டைமிங். கையேட்டில் அச்சாகியுள்ள அந்த எண் மாறாத இயற்கை விதிபோலத் தோன்றுகிறது. உண்மையில் அது அந்தக் காலத்துப் பெட்ரோலைச் சார்ந்த எண்.

கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் ஆகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் கிராங்க் தண்டு ஒரு மில்லிவினாடிக்கு 18 பாகை திரும்புகிறது. 6000 சுற்றில் 36 பாகை. வேகம் கூடும்போது எரிதலும் ஓரளவு விரைவுபடும் என்றாலும், தீப்பொறி முந்தியே ஆக வேண்டும். தொடக்ககாலக் கார்களில் ஓட்டுநரே நெம்புகோலை நகர்த்தி இதைச் செய்தார். பின்னர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் எடைகள் அப்பணியை ஏற்றன. ஆனால் அளவுமீறி முந்தினால், எரியாது எஞ்சிய கலவை தானே வெடித்து 'நாக்கிங்' எழும், பிஸ்டனே பழுதாகலாம். அந்த எல்லையைப் பெரிதும் வகுப்பது பெட்ரோலின் ஆக்டேன் அளவு.

அவ்வெல்லையை விரித்தது ஈயம். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயம் நாக்கிங்கை அடக்குவதைக் கண்டறிந்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் அந்நஞ்சால் மாண்டனர். 1925இல் நிறுத்தப்பட்ட விற்பனை மறு ஆண்டே மீண்டது.

இதன் பயனை 1970ஆம் ஆண்டின் செவர்லே கமாரோ இசட்/28 காட்டுகிறது: 11:1 அழுத்த விகிதம், 360 குதிரைத்திறன். ஈயம் குறைந்த எரிபொருளுக்கு ஆயத்தமான 1971இல், அதே 350 கன அங்குல எஞ்சினின் விகிதம் 9:1 ஆயிற்று. திறன் 330 ஆகக் குறைந்தது.

இன்று 11:1 எஞ்சினுக்கு வீரியமான கேம் தண்டு பொருத்தி ஓட்டுபவருக்குக் கையேட்டு எண் உதவாது. குறைந்த வேகத்தில் அத்தகைய எஞ்சினில் கலவை மெதுவாக எரிவதால், தொடக்கக் கோணத்தைக் கூட்ட வேண்டும். அதே சமயம், இவ்வகை வி8களில் வழக்கமாக 36 பாகையை ஒட்டி நிற்கும் மொத்தக் கோணம் மீறாதவாறு, டிஸ்ட்ரிபியூட்டர் எடைகளின் வீச்சைச் சுருக்க வேண்டும். பிறகு டைமிங் விளக்கால் சரிபார்த்து, நாக்கிங் கேட்டால் பின்னிழுக்க வேண்டும். ஈயம் ஒரு காலத்தில் மறைத்த ஓசையையே அவர் இப்போது செவிகூர்ந்து தேடுகிறார்.

இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் 1995இல் நான்கு பெருநகரங்களில் அறிமுகமாகி, 2000 பிப்ரவரியில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோலை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல்தான் அதைக் கைவிட்டது.

ஆகவே தொழில்நுட்ப எண்களை ஆராய்வோர், அவை எவ்வளவு திறனைத் தந்தன என்பதோடு நின்றுவிடலாகாது. அத்திறனுக்கான விலை யாருடைய இரத்தத்தில் கலந்தது என்றும் கேட்க வேண்டும். கையேட்டில் பாகை உண்டு, பேவே இல்லை.