மண்ணீரலை வெட்டாமல் காத்த சி.டி. ஸ்கேன்

இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். மண்ணீரல்? இடதுபக்க விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இந்த உறுப்பை மருத்துவர்களே ரொம்ப காலம் பெரிதாக மதிக்கவில்லை. விபத்தில் கிழிந்துபோனால் வெட்டி எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அது இல்லாமலும் மனிதன் வாழ்கிறானே!

1952ல் அமெரிக்காவில் கிங், ஷூமாக்கர் என்ற இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரை இந்த அலட்சியத்தை அசைத்தது. மண்ணீரல் எடுக்கப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளைப் பிறகு கடுமையான நோய்த்தொற்று தாக்கியதை அவர்கள் பதிவு செய்தார்கள். ரத்தத்தில் நுழையும் கிருமிகளை வடிகட்டும் காவல்காரன் இந்த உறுப்புதான் என்பது மெல்லப் புரிந்தது. 1968ல் கனடாவின் டொராண்டோவில் உபாத்யாயா, சிம்ப்சன் இருவரும், அடிபட்ட குழந்தைகளின் மண்ணீரல் பல நேரம் தானாகவே ஆறிவிடும் என்று எழுதினார்கள்.

சரி, வெட்டாமல் காத்திருக்கலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? அப்போதிருந்த வழி, வயிற்றில் சிறு துளையிட்டு உப்புநீரை விட்டு, திரும்ப எடுத்துப் பார்ப்பது. ரத்தம் இருக்கிறதா என்று தெரியும். எங்கிருந்து, எவ்வளவு ஆழமான கிழிசலிலிருந்து வருகிறது என்று தெரியாது. சந்தேகத்தில் வயிற்றைத் திறந்துவிடுவார்கள்.

1971 அக்டோபர் 1ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. அது தலைக்கு மட்டும்தான். ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். மூச்சு விட்டாலே நகரும் மண்ணீரலுக்கு அது சரிப்படாது. கருவிகள் வேகமான பிறகு, 1980களில்தான் கிழிசலின் ஆழத்தை வெளியிலிருந்தே அளக்க முடிந்தது. 1989ல் காயத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். 2018ல் அதைத் திருத்தியபோது, ஸ்கேனில் தெரியும் ரத்தக்குழாய்க் காயங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிய அயோடின் மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். முதல் அரை நிமிடத்தில் எடுத்த படத்தில் நல்ல மண்ணீரல்கூட வரிக்குதிரை மாதிரி கோடு கோடாகத் தெரியும். அதன் வெவ்வேறு பகுதிகளில் ரத்தம் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதே காரணம். அனுபவமில்லாதவர் கிழிசல் என்று நினைத்துவிடலாம்! சுமார் 70 விநாடி பொறுத்து எடுத்தால் கோடுகள் மறைந்துவிடும், நிஜக் கிழிசல் மட்டும் கறுப்பாக நிற்கும்.

ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகும் நோயாளிக்கு மட்டும் ஸ்கேனுக்கு நேரமில்லை. அவரை இன்றும் நேரே ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் கொண்டுபோகிறார்கள்.