உலர்தற் சொற்கள்: உடன்குடி வழக்கும் இலத்தீன் வேரும்

ஆங்கில அறிவியல் நூல்களில் உலர்த்தலைக் குறிக்கும் அருஞ்சொற்கள் பல இலத்தீன் வழி வந்தவை. 'டெசிக்கேட்', 'எக்சிக்கேட்' என்பன உலர்ந்தது எனப் பொருள்படும் 'சிக்குஸ்' என்பதனடியாகப் பிறந்தன. 'டாரிஃபை' என்பது வெப்பத்தால் உலர்த்துதலைக் குறிக்கும் 'தொர்ரேரே' என்பதனடியாகப் பிறந்தது. தமிழாக்குங்கால் இவற்றையெல்லாம் 'உலர்த்துதல்' என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடுதல் எளிது. ஆயின், தொழில் செய்வார் வழக்கு அவ்வாறு அமைந்ததன்று.

1986 வரை நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்துள்ள உடன்குடி கருப்பட்டிக்குப் பெயர் பெற்றது. 2023ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆங்கு விடிலி எனப்படும் குடிசையில் பதநீரைக் காய்ச்சுவர். அது சுண்டிப் பதம் வந்ததும் சிரட்டைகளில் வார்ப்பர். வார்த்தது இறுகியபின் உலரும். காய்தல் என்பது வெப்பமுறுதலையும் நீரறுதலையும் ஒருங்கே குறிக்கும். சுண்டுதற்குத் தீ வேண்டும், வற்றுதற்கு வேண்டுவதில்லை. குளம் வற்றுமேயன்றிச் சுண்டுவதில்லை.

இவற்றினும் ஆராயத்தக்கது 'உணங்கு' என்னும் சொல். அதன் பிறவினை 'உணக்கு'. அடங்கு, அடக்கு என்றாற்போல வரும் இவ்வகை இணைகளை, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விளக்கியுள்ளார். நற்றிணை 45ஆம் பாட்டில் பரதவர் மகள் காப்பது சுறாமீன் உணக்கலே. திருக்குறள் 1037 உழுத மண்ணுக்கு இச்சொல்லை ஆள்கின்றது. ஒரு பலப் புழுதி காற்பலமாகும் அளவுக்கு உணக்குதல் ஆண்டுக் கூறப்படுகின்றது. மீனாயினும் மண்ணாயினும் வெயிலிற் கிடந்து நீரிழத்தலே ஈண்டுப் பொருள். எடையிழப்பையே அளவாகக் கொண்ட வள்ளுவர் முறை இன்றைய ஆய்வுக்கூடத்துக்கும் ஒத்ததே.

இலத்தீனில் வறண்டிருத்தலைக் குறிக்கும் 'அரேரே' என்பதனோடு தொடர்புடைய 'அர்தேரே' எரிதலைக் குறித்தது. தமிழிலும் வறள், வறம் என்பவற்றோடு வறுத்தல் ஓரினமாகும். வறுமையும் அவ்வினத்ததே, மழை பொய்த்த நிலத்தார் கண்ட பொருள் விரிவு அது எனலாம்.

கீழைக் கடற்கரையில் இன்று உணக்கல் என்பார் அரியர். கருவாடு என்பதே வழக்கு. மலையாளத்திலோ உலர்ந்த மீனுக்கு 'உணக்கமீன்' என்பதே இன்றும் பெயர்.