அரசாங்க ஏடுகளும் வணிகர் செல்வமும்

அரசாங்கம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை சட்டமும் வரியும் காவலும் ஆகும். ஆயின், அரசாங்கம் இடையறாது செய்துவரும் மற்றொரு வேலையும் உண்டு. அதுதான் குறித்து வைத்தல். மழை எவ்வளவு பெய்தது, நிலத்தின் எல்லை எது, ஊரில் எத்தனை பேர் வாழ்கின்றனர், துறைமுகத்திற்கு எத்தனை கப்பல்கள் வந்தன என்று அது நாள்தோறும் எழுதிக்கொண்டே இருக்கிறது. மக்களின் வரிப்பணத்தால் திரட்டப்பெறும் இக்குறிப்புகளை இக்காலத்தில் தரவு என்று வழங்குகிறோம். அரசின் தேவை முடிந்த பின்னர் இவற்றை என் செய்வது? பூட்டி வைப்பதா, விலைக்கு விற்பதா, வேண்டுவோர்க்கெல்லாம் வழங்கிவிடுவதா? இந்த வினாவுக்கு வரலாறு தரும் விடையை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே, கதை வாஷிங்டன் நகரில் தொடங்குகிறது. அமெரிக்கக் கடற்படையில் மாத்தியூ மோரி என்றோர் அதிகாரி இருந்தார். 1839ஆம் ஆண்டில் ஒரு வண்டி விபத்தில் அவருடைய கால் முறிந்தது. கடலோடும் வாழ்வும் அத்துடன் தடைப்பட்டது. 1842ஆம் ஆண்டில், கடற்படையின் வரைபடங்களையும் கருவிகளையும் காக்கும் பண்டகசாலைக்கு அவர் தலைவராக்கப்பட்டார். அங்கே பழைய கப்பல்களின் பயணக் குறிப்பேடுகள் குவிந்து கிடந்தன. இன்ன நாளில் கப்பல் இன்ன இடத்தில் இருந்தது, காற்று இந்தத் திசையிலிருந்து வீசியது, நீரோட்டம் இவ்வாறு இழுத்தது என்று மாலுமிகள் எழுதிய ஏடுகள் அவை. பயணம் முடிந்ததும் பயன் முடிந்ததாகக் கருதி ஒதுக்கப்பட்டவை.

மோரி அவற்றை வேறு கண்கொண்டு நோக்கினார். ஒரு மாலுமி ஒரு நாள் கண்ட காற்று வெறும் செய்தியே; பல மாலுமிகள் பல ஆண்டுகளாக ஒரே மாதத்தில் ஒரே இடத்தில் கண்ட காற்றோ இயற்கையின் ஒழுங்கைக் காட்டுவதாகும். ஆகவே அவர் கடற்பரப்பைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த மாதத்தில் எத்திசைக் காற்று எத்தனை முறை வீசியது என்று கணக்கிடச் செய்தார். காற்றையும் நீரோட்டத்தையும் காட்டும் அவருடைய வரைபடங்கள் 1847ஆம் ஆண்டு முதல் வெளிவரலாயின.

வரைபடத்தை நம்பி வணிகக் கப்பலைச் செலுத்தப் பலரும் தயங்கினர். 1848ஆம் ஆண்டில் ஜாக்சன் என்னும் கப்பல் தலைவர் அதனை நம்பிப் பால்ட்டிமோர் துறைமுகத்திலிருந்து பிரேசில் நாட்டு ரியோ நகருக்குப் பாய் விரித்தார். பிரேசிலின் கிழக்கு முனையருகே நீரோட்டம் கப்பலைக் கரைப்பக்கம் தள்ளிவிடும் என்று அஞ்சி, அதுவரை மாலுமிகள் ஆப்பிரிக்காவின் பக்கமாக நெடுந்தொலைவு விலகிச் சென்று சுற்றி வந்தனர். அவ்வச்சம் மிகைப்பட்டது என்பதைக் குறிப்பேடுகள் காட்டின. ஜாக்சன் நேர்வழியே சென்று 38 நாளில் ரியோவை அடைந்தார். வழக்கமான காலத்தில் இரண்டு வாரங்களுக்கு மேல் மிச்சமாயிற்று.

இந்த இரண்டு வாரத்தின் பொருளாதாரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கப்பல் கடலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் மாலுமிகளுக்கு ஊதியமும் உணவும் தரவேண்டும். கப்பலிலும் சரக்கிலும் போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். அதற்கு வட்டி ஏறும். நாள் குறையின் இச்செலவுகளெல்லாம் குறையும். அதே கப்பல் ஆண்டில் மற்றொரு பயணமும் போகக்கூடும். இதற்காகப் புதிய கப்பல் கட்டப்படவில்லை. முன்பே எழுதப்பட்டுத் தூசி படிந்திருந்த ஏடுகள்தாம் இச்செல்வத்தைத் தந்தன.

மோரி தம் வரைபடங்களைக் காசுக்கு விற்கவில்லை. கப்பல் தலைவர்களுக்கு அவற்றை இலவசமாகவே அளித்தார். அதற்கு ஈடாக, ஒரே முறையில் அமைந்த குறிப்பேட்டில் தங்கள் பயண விவரங்களை எழுதி அவர்கள் வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். இதனால் வணிகக் கப்பல் ஒவ்வொன்றும் கடலை அளக்கும் கருவியாயிற்று. அரசு தன் சொந்தக் கப்பல்களைக் கொண்டு மட்டும் திரட்டியிருக்க முடியாத அறிவு இவ்வாறு வந்து சேர்ந்தது.

அக்காலத்தில்தான் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் கோடியைச் சுற்றிச் சான்பிரான்சிஸ்கோ செல்ல, பாய்க்கப்பலுக்கு ஆறு மாதம் போல் ஆயிற்று. மோரியின் வழியைப் பின்பற்றியோர் நாலரை மாத அளவில் அதனை முடித்தனர் என்பர். விரைவுக் கப்பல்களின் புதிய அமைப்புக்கும் இதில் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது. 1851ஆம் ஆண்டில் 'பிளையிங் கிளவுட்' என்னும் கப்பல் 90 நாள் முடியுமுன்னரே சான்பிரான்சிஸ்கோவை எய்தியது. அதற்கு வழி கணித்தவர் கப்பல் தலைவரின் மனைவி எலியனார் கிரீசி அம்மையார். 1853ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் 10 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, கடற்குறிப்புகளை எல்லோரும் ஒரே முறையில் எழுதுவதென உடன்பட்டனர்.

இனி, 1847ஆம் ஆண்டிலிருந்து 125 ஆண்டுகள் கடந்து வருவோம். நாடு அதுவே, கடலை நோக்கிய கண் இப்போது வானிலிருந்து நிலத்தை நோக்குகிறது. 1972ஆம் ஆண்டில் பூமியைப் படம் பிடிக்கும் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை அமெரிக்கா ஏவிற்று. பயிர், காடு, நீர்நிலை, கனிமம் ஆகியவற்றை ஆராய்வோர்க்கு அப்படங்கள் பெருந்துணையாயின. ஆனால் 1984ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் விற்பனையைத் தனியார் கைக்கு மாற்ற வழி செய்தது. பின்னர் ஒரு படத்தின் விலை 4,000 டாலருக்கு மேல் ஏறிற்று. வாங்க இயலாத பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் விலகி நின்றன. 1992ஆம் ஆண்டில் வேறொரு சட்டத்தால் பொறுப்பு அரசிடம் திரும்பிற்று. 1999ஆம் ஆண்டில் விலை 600 டாலராகக் குறைந்தது. 2008ஆம் ஆண்டில் விலையே நீக்கப்பட்டது.

விளைவு யாது? விற்பனை மிகுந்திருந்த ஆண்டிலும் ஏறத்தாழ 25,000 படங்களே விலைபோயின. இலவசமான பின்னர், ஓராண்டிலேயே 10 லட்சத்துக்கு மேற்பட்ட படங்களை மக்கள் எடுத்துக்கொண்டனர். 2017ஆம் ஆண்டில் மட்டும் இப்படங்களால் விளைந்த பயன் 345 கோடி டாலர் என்று அமெரிக்க நிலவியல் அளவைத் துறை மதிப்பிட்டது. விற்பனையால் கருவூலம் ஒருநாளும் காணாத தொகை இது.

இது வல்லரசுகளுக்கே உரிய செய்தி என்று எண்ணற்க. சிறிய டென்மார்க் நாடு, வீடு கட்டடங்களின் முகவரிப் பட்டியலை எவரும் பயன்படுத்தலாம் என்று 2002ஆம் ஆண்டில் திறந்துவிட்டது. 2005 முதல் 2009 வரையிலான ஐந்தாண்டுகளில் விளைந்த பயன் 6 கோடியே 20 லட்சம் யூரோ என்றும், அதற்கான செலவு 20 லட்சம் யூரோ அளவே என்றும் பின்னர் கணக்கிடப்பட்டது. நம் நாட்டிலோ, 1802ஆம் ஆண்டில் பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய நில அளவையின் வழிவந்த வரைபடங்கள் நெடுங்காலம் கட்டுப்பாட்டில் இருந்தன. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி வரைபடம் தயாரிக்கவும், பொதுப்பணத்தால் உருவான நில விவரங்களைப் பயன்படுத்தவும் வழி திறக்கப்பட்டது.

"மக்கள் பணத்தால் திரட்டியதை வணிகர் இலவசமாகப் பெற்று இலாபம் அடைவதா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. நெல்லை ஒருவர் உண்டால் மற்றவர்க்கு இல்லை, அறிவு அத்தகையதன்று. ஒரு வரைபடத்தை ஆயிரம் பேர் பயன்படுத்தினாலும் அது தேய்வதில்லை. விலை வைத்தால் பெரும் வணிகர் மட்டுமே வாங்குவர். சிறியோர் போட்டியிலிருந்தே ஒதுக்கப்படுவர். திறந்துவிட்டால் தொழில் பெருகும். அதிலிருந்து வரியாக ஒரு பங்கு அரசுக்கே மீளும்.

எனினும், இரு எல்லைகளை நான் வற்புறுத்துவேன். தனி மனிதரின் நோய், வருவாய், குடும்பம் பற்றிய குறிப்புகள் சந்தைக்கு உரியன அல்ல. காற்றின் திசையை வெளியிடுவது போன்றதன்று ஒருவர் வாழ்வை வெளியிடுவது. இரண்டாவது, பெற்றவர் திருப்பித் தரும் கடமை. மோரியிடம் வரைபடம் பெற்ற கப்பல் தலைவர் தம் குறிப்பேட்டை அனுப்பினார். அதனால் அடுத்த வரைபடம் சிறந்தது. இன்று அரசின் தரவைக் கொண்டு பொருள் ஈட்டும் நிறுவனங்களிடம், கண்ட பிழைகளைத் திருத்தி அனுப்புங்கள், புதிதாக அறிந்ததில் ஒரு பகுதியைப் பொதுவில் சேருங்கள் என்று கேட்பது தவறாகாது. ஏடுகளைப் புதுப்பிக்கும் செலவு நின்றுவிட்டால், இலவசமாய்க் கிடைப்பது பழைய ஏடாகவே முடியும்.

மாணவர்களாகிய உங்களில் சிலர் நாளை அரசு அலுவலகங்களில் அமர்ந்து மழையளவையோ நில எல்லையையோ குறிக்கக்கூடும். வேறு சிலர் வணிகம் நடத்தக்கூடும். முன்னவர் எழுதும் எண் பிழையாயின், பின்னவர் கணக்கும் பிழையாகும். அட்லாண்டிக் நடுவே காற்றின் திசையை நேர்மையாக எழுதி வைத்த பெயர் தெரியாத மாலுமிகளுக்கு, தம் குறிப்பு ஒருநாள் யாருக்குப் பயன்படும் என்பது தெரியாது. தெரியாதபோதும் அவர்கள் சரியாகவே எழுதினார்கள். ஜாக்சன் ரியோவை 38 நாளில் அடைந்தது அதனால்தான்.