மட்டாஞ்சேரி படகுத்துறை: நிலம் யாருடையது, முடிவு யாருடையது?

கொச்சி: கேரள மாநிலம் கொச்சியில் இயங்கும் வாட்டர் மெட்ரோ படகுச் சேவை, 2025 அக்டோபர் 11-ஆம் தேதி மட்டாஞ்சேரியையும் வில்லிங்டன் தீவையும் எட்டியது. சுமார் 38 கோடி ரூபாயில் கட்டப்பட்ட இவ்விரு முனையங்களையும் முதலமைச்சர் பினராயி விஜயன் திறந்து வைத்தார். இச்சேவையை 2023 ஏப்ரல் 25-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தபோது, உயர் நீதிமன்றம் - வைப்பின், வைற்றிலா - காக்கநாடு ஆகிய வழித்தடங்களே முதலில் பயன்பாட்டுக்கு வந்தன. ஃபோர்ட் கொச்சிக்கு மறு ஆண்டு ஏப்ரலில் படகு வந்தது. நறுமணப் பொருள் வணிகத்தால் பெயர் பெற்ற மட்டாஞ்சேரி, தொடக்க நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருந்தவர்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் காயலின் இரு கரைகளில் உள்ளன. சாலை வழியே செல்வோர் தேவரா, வெண்டுருத்திப் பாலம், வில்லிங்டன் தீவு, தோப்பும்படி எனச் சுற்றிச் செல்ல வேண்டும். சந்தைச் சாலையோ சரக்கு வாகனங்களுக்கே போதாத அகலம் கொண்டது. அரசு மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் மறுகரை செல்வோருக்குப் படகே நேர்வழி.

இந்தப் பகுதியில் ஒரு படகுத்துறையோ பாலமோ எப்போது வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பயணிகளின் எண்ணிக்கை அன்று. நிலமும் நீரும் யார் கையில் உள்ளன என்பதே.

பல உரிமையாளர்கள்

ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளை வில்லிங்டன் தீவு உள்ளிட்ட பகுதிகளுடன் இணைத்து, 1967 நவம்பர் 1-ஆம் தேதி கொச்சி மாநகராட்சி உருவாக்கப்பட்டது. எல்லை ஒன்றானாலும் உரிமை ஒன்றாகவில்லை. பிரிட்டிஷ் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காலத்தில் காயலைத் தூர்வாரிய மண்ணால் உருவாக்கப்பட்ட வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி, மத்திய அரசின் கீழுள்ள கொச்சி துறைமுக ஆணையத்தின் வசம் உள்ளது. தீவின் இருபுறமும் ஓடும் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி கால்வாய்களும் துறைமுக எல்லைக்கு உட்பட்டவை. மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு அருகிலுள்ள டச்சு அரண்மனை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குச் சட்டம் தடை விதிக்கிறது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட இயலும்.

துறைமுக நிலத்தின் குத்தகை முறை தனித்துவமானது. பெருந்துறைமுகங்களுக்காக மத்திய அரசு 2014-இல் வெளியிட்ட நில மேலாண்மை வழிகாட்டு நெறிமுறைகள், ஏலத்துடன் கூடிய ஒப்பந்தப்புள்ளி வழியாகவே பொதுவாக நிலத்தைக் குத்தகைக்கு விட வேண்டும் என்று கூறின. ஆண்டு வாடகை நிலத்தின் சந்தை மதிப்பில் 6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அது ஆண்டுதோறும் குறைந்தது 2 சதவீதம் உயர வேண்டும் என்பதும் அவற்றின் விதி. துறைமுகத்தின் நோக்கில் இது நியாயமே. 2011-இல் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டு, கொள்கலன் கையாளுதல் தீவிலிருந்து அங்கு இடம்பெயர்ந்த பின், நிலத்திலிருந்து வரும் வருவாய் அதற்கு இன்றியமையாததாயிற்று. ஆனால் பயணக் கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்க வேண்டிய பொதுப் போக்குவரத்துக்குச் சந்தை மதிப்பு என்ற அளவுகோல் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

பாலம் தந்த அனுபவம்

மட்டாஞ்சேரிக்கு இக்கேள்வி புதிதன்று. கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறையில் கேரளத்தில் முதன்முதலாகக் கட்டப்பட்ட பாலம் இங்குதான் உள்ளது. மாநில அரசு நியமிக்கும் தலைவரைக் கொண்ட பெருங்கொச்சி மேம்பாட்டு ஆணையமே (ஜிசிடிஏ) இதற்குப் பொறுப்பேற்றது. 2001-இல் திறக்கப்பட்ட பாலத்தில் தனியார் நிறுவனம் சுங்கம் வசூலித்தது. உள்ளூர் மக்களின் எதிர்ப்பு, ஒப்பந்த நீட்டிப்பு குறித்த பிணக்கு என இழுபட்ட வசூல் 2014 ஏப்ரலில்தான் முடிவுக்கு வந்தது. அன்றாடம் பாலத்தைக் கடந்தவர்கள் தேர்ந்தெடுத்த மாநகராட்சி, அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகவே இல்லை.

வாட்டர் மெட்ரோவிலும் நிலை ஏறக்குறைய அதுவே. இதை நடத்தும் நிறுவனத்தில் மாநில அரசுக்கு 74 சதவீதமும், கொச்சி மெட்ரோ ரயில் நிறுவனத்துக்கு 26 சதவீதமும் பங்கு உள்ளது. மெட்ரோ ரயில் நிறுவனம் மத்திய, மாநில அரசுகளின் சமபங்குக் கூட்டு நிறுவனம். 38 படகுத்துறைகள், 78 படகுகள் எனத் திட்டமிடப்பட்ட சுமார் 1,137 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி கடனுதவி அளித்துள்ளது. மாநகராட்சி நேரடியாக முதலீடு செய்த நீர்வழிச் சேவைகளில் ஒன்று, ஃபோர்ட் கொச்சி - வைப்பின் இடையே வாகனங்களை ஏற்றிச் செல்லும் ரோ-ரோ. 2018-இல் தொடங்கிய இதையும் மாநில அரசின் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகமே இயக்குகிறது. இரு கலங்களில் ஒன்று பழுதுபார்ப்புக்குச் சென்றால் கரையில் வாகன வரிசை நீள்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையும் இவ்விஷயத்தில் விசித்திரமானது. நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் சாலை, பாலம், நிலப் பயன்பாட்டு ஒழுங்குமுறை, பேருந்து நிறுத்தம் ஆகியவை இடம்பெற்றுள்ளன. பேருந்து இடம்பெறவில்லை.

நில வருவாயும் ரயிலும்

2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை, நில மதிப்பு உயர்விலிருந்து திட்டத்துக்கு நிதி திரட்டுமாறு மாநிலங்களை வலியுறுத்துகிறது. நிலம் ஏறக்குறைய முழுவதும் அரசின் குத்தகையில் உள்ள ஹாங்காங்கில் இம்முறை வெற்றி கண்டது. அங்கு நில உரிமையாளர் ஒருவரே. கொச்சியிலோ விற்கவோ குத்தகைக்கு விடவோ பெரிய நிலம் கிடைப்பது கிழக்கில்தான். மெட்ரோ நிறுவனத்துக்கு வணிக மேம்பாட்டுக்காக மாநில அரசு ஒதுக்கிய சுமார் 17 ஏக்கர் நிலம் காக்கநாட்டில் உள்ளது. ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கிலிருந்து இன்ஃபோபார்க் வரையிலான 11.2 கி.மீ. இரண்டாம் கட்ட ரயில் பாதையும் அங்குதான் செல்கிறது. மேற்குக் கொச்சிக்கு ரயில் பாதை இல்லை.

பொது நிலம் வருவாய்க்கு மட்டுமே என்று எப்போதும் கருதப்பட்டதில்லை. ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ் வண்ணார் சமூகத்தினருக்கு, 1970-களில் சலவைக்கூடம் அமைத்துத் தந்ததும் இதே ஜிசிடிஏதான்.

போக்குவரத்து அமைப்புகளை ஒருங்கிணைக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொச்சி பெருநகரப் போக்குவரத்து ஆணையம் 2020 நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது. படகு, பேருந்து, ரயில் நேரங்களை இணைப்பது அதன் பணி. துறைமுக நிலத்தின் மீது அதற்கு உரிமை இல்லை. மட்டாஞ்சேரி முனையத்தில் இறங்கும் பயணி, அடுத்து ஏற வேண்டிய பேருந்துக்கு வேறொரு அமைப்பையே நம்பியிருக்கிறார்.