துகள்முடுக்கியும் ஊர்க்கட்டுப்பாடும்

ஃபெர்மிலேப் என்கிற பெயரை நான் முதன்முதலில் படித்தது ஒரு துண்டறிக்கையில்தான். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரக்கூடாதென்று 2015ஐ ஒட்டிக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு ஆய்வகம் இருக்கிறது, அங்கிருந்து பூமிக்குள்ளாகவே கற்றையை அனுப்பி நம் மலையைச் சோதனைக்கூடம் ஆக்கப்போகிறார்கள் என்பதாக அதில் இருந்தது. நானும் அந்த அறிக்கையைத் தேநீர்க்கடை தேநீர்க்கடையாகக் கொடுத்துக்கொண்டு போனேன். மேற்குமலைத் தொடரைக் குடையக்கூடாது என்பதில் இன்றைக்கும் எனக்கு வேறு கருத்து கிடையாது. ஆனால் அந்த ஃபெர்மிலேப் யார் நிலத்தில் நிற்கிறது, எதற்காகக் கட்டினார்கள், அதை ராத்திரியும் பகலும் ஓட்டுகிறவர்கள் யார் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிற்பாடு படிக்க ஆரம்பித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இயற்பியல் எட்டுகிற அளவு கொஞ்சம்தான். என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு சங்கதி: அந்த முடுக்கியின் கட்டுப்பாட்டு அமைப்பும், அதைப் 'புதுப்பிக்க' அவர்கள் படுகிற பாடும்.

கட்டுப்பாடு என்ற சொல் நம் காதில் விழுகிற விதமே வேறு. ஊர்க்கட்டுப்பாடு என்றால் சேரிக்குத் தண்ணீர் கிடையாது, கடையில் சாமான் கிடையாது, காட்டில் வேலை கிடையாது. இன்னார் உத்தரவு போட்டார் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் ஊரே கீழ்ப்படியும். முடுக்கியில் கதை நேர்மாறு. பல கிலோமீட்டர் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான மின்காந்தங்கள், மின்வழங்கிகள், வெற்றிடப் பம்புகள். கற்றை ஓடும்போது உள்ளே மனுஷர் போக முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் எந்தக் கணத்தில் எவ்வளவு மின்சாரம், யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் பெயர் சொல்லி, எண் சொல்லிப் பதிவாகிறது. கட்டளையிட்டவரை மறைக்காத கட்டுப்பாடு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒப்புமையை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். அதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும்.

முதலில் நிலம். 1966 டிசம்பரில் அமெரிக்க அணுசக்தி ஆணையம் இல்லினாய் மாநிலத்தின் வெஸ்டன் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தது. 6,800 ஏக்கர். ஊர் கலைக்கப்பட்டது, விவசாயிகள் வெளியேறினார்கள், ஊரின் வீடுகளில் ஆய்வகம் குடியேறியது. இதுவரை நமக்குப் பழகிய கதைதான். பழகாத பகுதி ஒன்று உண்டு. இல்லினாயில் அப்போது கறுப்பர்கள் விரும்பிய இடத்தில் வீடு வாங்க உரிமை தரும் சட்டம் இல்லை. இப்படிப்பட்ட மாநிலத்துக்கு மத்திய அரசின் இவ்வளவு பெரிய திட்டத்தைத் தரக்கூடாது என்று மார்ட்டின் லூதர் கிங்கும் குடியுரிமை இயக்கங்களும் 1967இல் எதிர்த்தார்கள். வெஸ்டனில் கூடாரம் போட்டுப் போராட்டம் நடந்தது. செனட்டர் பஸ்டோர் நிதியை நிறுத்தச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்து தோற்றார். முடுக்கி வேண்டாம் என்பதல்ல அவர்கள் வாதம். முடுக்கி வருகிற ஊரில் எங்களுக்கு வீடு உண்டா என்பது. ஒரு விஞ்ஞானத் திட்டத்தின் முன்னால் இப்படியும் கேள்வி வைக்க முடியும் என்பது பொட்டிபுரத்தில் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் போராட்டம் தடயம் விடாமல் போகவில்லை. முதல் இயக்குநர் ராபர்ட் வில்சனும் துணை இயக்குநர் எட்வின் கோல்ட்வாசரும் 1968 மார்ச் 15 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தொழில்நுட்ப வசதியும் மனித உரிமையும் மோதினால் ஆய்வகம் மனித உரிமையின் பக்கமே நிற்கும் என்பது அதன் சாரம். சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் டென்னசியின் ஓக் ரிட்ஜுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றுத் தொழில்நுட்பப் பணியாளர்களாகத் திரும்பினார்கள். வில்சன் லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். அதே ஆள் 1969இல் நாடாளுமன்றக் குழு முன் நின்று, இந்த முடுக்கியால் நாட்டின் பாதுகாப்புக்கு நேரடியாகப் பயன் எதுவும் இல்லை, பாதுகாக்கத் தகுந்த நாடாக இதை ஆக்குவதற்குத்தான் பயன் என்ற பொருளில் பதில் சொன்னார். கேள்வி கேட்டவர் அதே பஸ்டோர். இதையெல்லாம் வெள்ளைத் தாராளவாதத்தின் ஒப்பனை என்று தள்ளிவிடலாம். நான் தள்ளத் தயாரில்லை. கிங் வீதிக்கு வராமல் இருந்திருந்தால் அந்த ஒப்பனையும் இருந்திருக்காது.

இனி இயந்திரம். 1972இல் முதல் பெரிய வளையம் 200 ஜிஇவி ஆற்றலைத் தொட்டது. அதே சுரங்கத்தில் மீகடத்திக் காந்தங்களால் ஆன டெவட்ரான் 1983இல் ஓடத் தொடங்கியது. டெவட்ரானுக்காக எழுதப்பட்ட கட்டுப்பாட்டு அமைப்பின் பெயர் ஆக்நெட். மூன்று அடுக்கு. கீழே கருவிகளை ஒட்டிய முன்முனைக் கணிப்பொறிகள். நடுவில் எல்லாக் கருவிகளின் பெயரும் குணமும் பதிந்த மையத் தரவுக்கிடங்கு. மேலே இயக்குபவர் உட்காரும் பலகை. கருவிகளை இணைத்தது காமாக் என்ற அட்டைப்பெட்டி முறை. 1969இல் ஐரோப்பிய ஆய்வகங்கள் கூடி வகுத்த தரம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறுகிய பெயர்: முதல் எழுத்து எந்த இயந்திரத்தைச் சேர்ந்தது என்று சொல்லும், பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு சில எழுத்துகள். நேர்முடுக்கி என்றால் எல், பூஸ்டர் என்றால் பி, டெவட்ரான் என்றால் டி. சூத்திரம் மாதிரிதான், உரை இல்லாமல் ஒன்றும் விளங்காது. உரையோ இயக்குபவர்களின் வாயில் இருந்தது. எந்தக் காந்தம் மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும், எந்த எச்சரிக்கையைச் சட்டை செய்ய வேண்டாம் என்பதெல்லாம் எந்தக் கிடங்கில் பதிவாகும்?

இந்த அமைப்பு ஒரே தடவையில் கிழடாகவில்லை. பிடிபி-11, பிறகு வாக்ஸ் என்று டிஜிட்டல் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் அது வளர்ந்தது. அந்த நிறுவனத்தை 1998இல் காம்பாக் விழுங்கியது. காம்பாக்கை 2002இல் எச்.பி. விழுங்கியது. வாக்ஸ் உற்பத்தி நின்றே போனது. முடுக்கியோ நிற்க முடியாது. ஆகவே 2000களில், டெவட்ரானில் மோதல்கள் நடந்துகொண்டிருக்கும்போதே, நூற்றுக்கணக்கான பலகை நிரல்களை வாக்ஸிலிருந்து லினக்ஸுக்குப் பெயர்த்தார்கள். ஓடுகிற வண்டிக்கு அச்சாணி மாற்றுகிற வேலை. ஏடு பெயர்த்தெழுதியவர்களின் சிக்கல் இங்கேயும் உண்டு: மூலத்தில் இருப்பது பிழையா, பாடமா? பழைய நிரலில் ஒரு விசித்திரமான கணக்கு இருந்தால் திருத்திவிட முடியாது. அந்தப் பிழையை நம்பியே இன்னொரு கருவி இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கலாம். நம் சிறுபத்திரிகைகள் பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு சிறு பங்காவது புரியும்.

2011 செப்டம்பர் 30 அன்று டெவட்ரான் நிறுத்தப்பட்டது. ஆனால் ஆய்வகம் முழுக்க எல்லாக் கருவிகளுக்கும் 'இப்போது' என்று தாளம் போடுகிற சமிக்ஞை ஒன்று கம்பிகளில் ஓடிக்கொண்டே இருந்தது. 10 மெகாஹெர்ட்ஸ் தாளம், நடுநடுவே 'இன்ன நிகழ்வு தொடங்குகிறது' என்ற குறியீடு. அதன் பெயர் டெவட்ரான் கடிகாரம். இயந்திரம் செத்தும் அதன் கடிகாரம் மற்ற இயந்திரங்களை நடத்திக்கொண்டிருந்தது.

2020இல் அமெரிக்க எரிசக்தித் துறை ஏகார்ன் என்ற திட்டத்துக்கு முதற்கட்ட ஒப்புதல் தந்தது. நோக்கம் கட்டுப்பாட்டு அமைப்பைப் புதிதாக்குவது. காரணங்கள் நியாயமானவைதான்: உதிரிப் பாகங்கள் செய்வார் இல்லை, பழைய நிரல் தெரிந்தவர்கள் ஓய்வுபெறுகிறார்கள், புதிய பிள்ளைகள் அந்த மொழியைப் படிக்க வருவதில்லை. 'மரபு அமைப்பு' என்பது இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். மரபு என்றால் நாம் தொல்காப்பிய மரபியல் வரைக்கும் ஓடுவோம். கணிப்பொறிக்காரர்களின் வழக்கில் அது வசைச்சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலை செய்கிறது, ஆனால் தொடப் பயமாக இருக்கிறது என்பதே அதன் உள்ளர்த்தம். எதை மரபு என்று அழைப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் இயக்குபவருக்குக் குரல் உண்டா என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். 1970களின் தொடக்கத்தில் கட்டிய பூஸ்டர் வளையத்தைப் பழசு என்று யாரும் நிறுத்திவிடவில்லை. அதைப் பேசவைக்கிற மொழிதான் பழசாகிவிட்டது.

புதிய நேர்முடுக்கியான பிப்-2க்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது எபிக்ஸ். காப்பியங்கள் என்று அர்த்தமாகும் பெயர். சுருக்கெழுத்தை இப்படி இழுத்துப் பிடித்துச் சேர்க்கிற ஆசை அவர்களுக்கு அடங்காது போல. இதன் பூர்வீகம் நம் நண்பர்களைச் சீண்டும். 1983 மார்ச்சில் ரீகன் அறிவித்த நட்சத்திரப் போர்த் திட்டத்தின் ஒரு கிளை, விண்வெளியில் ஏவுகணைகளின்மேல் நடுநிலைத் துகள் கற்றையைப் பாய்ச்சுவது. அதைத் தரையில் சோதிக்க லாஸ் அலமோஸில் ஒரு முடுக்கி கட்டினார்கள். அதற்கு பாப் டலேசியோவும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுப்பாட்டு நிரல்தான் எபிக்ஸின் விதை. 1980களின் இறுதியில் ஆர்கான் ஆய்வகத்தின் மார்ட்டி கிரைமர் அதோடு கைகோத்தார். ஆர்கானுக்கு வேண்டியிருந்தது ஆயுதமல்ல, பொருள்களின் உள்ளமைப்பைப் பார்க்கும் எக்ஸ்கதிர் ஒளிமூலம். ஆயுத முடுக்கி 1990களில் கைவிடப்பட்டது. நிரல் பிழைத்தது. 2004இல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற திறந்த உரிமத்துக்கு வந்தது. இன்றைக்கு உலகத்தின் பல முடுக்கிகளும் சில பெரிய தொலைநோக்கிகளும் அதில் ஓடுகின்றன.

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒருத்தர், "பார்த்தியா, எல்லாம் ராணுவத்துக் குட்டிதான்" என்றார். இன்னொருத்தர் அந்த உரிமத்தைப் பற்றிக் கேட்டதும் பொதுவுடைமை வந்துவிட்டதாகவே குதூகலித்தார். ரெண்டு பேரும் நிரலைத் திறந்து பார்க்கவில்லை. அது வேலை செய்கிற விதத்தைக் கவனியுங்கள். ஆக்நெட்டில் ஒரு கருவியின் மதிப்பு வேண்டுமென்றால் மையக் கிடங்கில் கேட்க வேண்டும். எபிக்ஸில் ஒரு கணிப்பொறி வலைப்பின்னல் முழுக்கத் தமுக்கடிக்கிறது: இன்ன பெயருள்ள சமிக்ஞை யாரிடம் இருக்கிறது? வைத்திருக்கும் கணிப்பொறி 'என்னிடம்' என்கிறது. பிறகு இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். மையம் இல்லை என்றதும் நம்மாட்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். கொஞ்சம் பொறுங்கள். ஒரே பெயரில் இருவர் 'என்னிடம்' என்றால் குழப்பம். ஆகவே ஒவ்வொரு ஆய்வகமும் பெயரிடும் விதிகளை வகுக்கிறது: இந்தப் புள்ளிக்கு முன்னால் இடம், இதற்குப் பின்னால் கருவி, இத்தனை எழுத்து. மையத்தில் இருந்த அதிகாரம் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கெட்டது என்று சொல்ல வரவில்லை. எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்கிறேன்.

ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலும் இதே நோய்க்கு வைத்தியம் தேடியிருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான குமிழ்களுக்குப் பதிலாகத் தொடுதிரையைக் கட்டுப்பாட்டு அறைக்குள் கொண்டுவந்தார்கள். 1980இல் அங்கே ஒப்பந்தக்காரராக இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ, எந்த நிரலை யார் எழுதினார், எது எதைச் சார்ந்திருக்கிறது என்று தொடுத்து வைக்க என்குவயர் என்றொரு நிரல் எழுதினார். ஊரைவிட்டுப் போகும்போது வட்டை விட்டுவிட்டுப் போனார், அது தொலைந்துபோனது. 1989இல் அவர் மறுபடி எழுதிக்கொடுத்த யோசனையும் ஆட்கள் வந்து போவதால் தகவல் தொலைகிறது என்ற புலம்பலில்தான் தொடங்குகிறது. அதிலிருந்து கிளைத்ததுதான் உலகளாவிய வலை.

ஃபெர்மிலேபுக்குத் திரும்புவோம். பிப்-2இல் இந்திய அணுசக்தித் துறையும் பங்காளி. நம் வரிப்பணத்தில் செய்த பாகங்கள் அங்கே போகின்றன. தமிழில் இதுபற்றி யாரும் விவாதித்து நான் படிக்கவில்லை. புதிய கற்றை போகப்போவது பொட்டிபுரத்துக்கு அல்ல. 1,300 கிலோமீட்டர் தள்ளி, தெற்கு டகோட்டாவில், ஹோம்ஸ்டேக் என்ற மூடப்பட்ட தங்கச் சுரங்கத்தின் அடியில், சுமார் 1.5 கிலோமீட்டர் ஆழத்தில் டியூன் கருவிக்காகக் குடைந்த குகைகளுக்கு. அந்தக் கருங்குன்றுகள் 1868 லாரமி ஒப்பந்தத்தின்படி லகோட்டா மக்களுடையவை. தங்கம் கிடைத்ததும் ஒப்பந்தம் காற்றில் போனது. 1980இல் அமெரிக்க உச்சநீதிமன்றமே அந்த நிலம் நியாயமான ஈடு தராமல் பறிக்கப்பட்டது என்று தீர்ப்பளித்து நஷ்டஈடு தரச்சொன்னது. நிலம்தான் வேண்டும் என்று சொல்லி அவர்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. 1968 அறிக்கையை எழுதிய ஆய்வகம் இந்த மலைக்குள் அனுப்புகிற கற்றையை எந்தக் கணக்கில் எழுதும்?

இதற்கு நடுவில் கட்டுப்பாட்டு அறையில் பழையதும் புதியதும் சிலகாலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடியாக வேண்டும். ஆக்நெட்டின் குறுகிய பெயரில் கேட்டாலும், எபிக்ஸின் நீண்ட பெயரில் கேட்டாலும், சுரங்கத்தில் ஒரே காந்தம்தான் பதில் சொல்லும். ராத்திரி ஷிப்டில் இருப்பவர் ரெண்டு பெயரையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.