பறித்தலும் மழித்தலும்: பாதிரிப்புலியூர் தொடங்கி ஒரு தலைமுடி வரலாறு

திருக்குறளில் 'கூடாவொழுக்கம்' அதிகாரத்தின் இறுதிக் குறள், உலகம் பழிப்பதை விட்டொழித்தவனுக்கு மொட்டையும் வேண்டாம், சடையும் வேண்டாம் என்கிறது. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், மயிரைப் பறிப்பதையும் மழிப்பதற்குள் அடக்கிவிடலாம் என்று ஒரு சிறு குறிப்புத் தருகிறார். குறளின் பொருளுக்கு அது போதும். வரலாற்றுக்குப் போதுமா என்று கேட்டால், போதாது என்றே சொல்லத் தோன்றுகிறது. மழிப்பதற்குக் கத்தி வேண்டும், பெரும்பாலும் இன்னொருவர் கையும் வேண்டும். பறிப்பதற்கு இரண்டும் வேண்டா. இந்த வேறுபாட்டின் முழுப் பொருளையும் உணர நாம் போகவேண்டிய ஊர் திருப்பாதிரிப்புலியூர்.

இன்று கடலூர் நகரின் ஒரு பகுதியாகிவிட்ட இவ்வூரைப் பாடலீசுவரர் கோயிலைக் கொண்டே நாம் அறிகிறோம். அதற்கு முன்பு இது சமணத்தின் பெருநிலையங்களுள் ஒன்று. சர்வநந்தி என்னும் சமண முனிவர் 'லோகவிபாகம்' என்ற நூலைப் பாடலிகை என்னும் ஊரில், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல் (கி.பி. 458) முடித்ததாக அதன் வடமொழி வடிவம் தெரிவிக்கிறது. அப்பாடலிகை நம் பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. ஏழாம் நூற்றாண்டில் திருவாமூர் மருள்நீக்கியார் வந்து சேர்ந்து தருமசேனர் ஆனதும் இங்கிருந்த சமணப் பள்ளியில்தான் என்கிறது பெரியபுராணம்.

திகம்பரத் துறவியர்க்கு விதிக்கப்பட்ட 28 மூலகுணங்களுள் ஒன்று கேசலோசம், அதாவது தலைமயிரையும் தாடியையும் தம் கையாலேயே பறித்துக்கொள்ளுதல். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை பறிப்பது உத்தமம், மூன்று மாதம் மத்திமம், நான்கு மாதம் கடைநிலை. மயிர் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வது. ஆகவே இரண்டு மாதத்தில்தான் அது விரலுக்குப் பிடிபடும் நீளத்தை எட்டும். வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வர். அன்று உண்ணாநோன்பு.

இதனை உடலை வருத்தும் கொடுமை என்று மட்டும் கண்டு பழித்தவர் பலர். அதற்குள் ஒரு கறாரான தருக்கம் இருப்பதை நாம் கவனிக்கவேண்டும். நீராடாமையும் அத்துறவியரின் விதிகளுள் ஒன்று. நீரும் எண்ணெயும் படாத தலையில் முடி வளர்ந்தால் பேன் பற்றும். பேனை நசுக்கினால் கொலை. கத்தி வைத்துக்கொண்டால் அது உடைமை. நாவிதரை அழைத்தால் கூலி தரவேண்டும், அல்லது இரக்கவேண்டும். மூன்று வாயில்களும் அடைபட்ட பின் எஞ்சுவது தன் இரண்டு கைகளே. பௌத்தத் துறவி வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கப்பட்ட எட்டுப் பொருள்களுள் மழிகத்தியும் உண்டு என்பதை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

தருமசேனர் சூலைநோய் தீர்ந்து திருநாவுக்கரசராகத் திரும்பியபின், தலை பறித்து வாழ்ந்த நாளை நினைந்து தம் பதிகங்களில் வருந்துகிறார். ஆனால் நம் கோயில்களில் உள்ள அப்பர் திருமேனிகளைப் பாருங்கள். பெரும்பாலும் மழித்த தலையர்தாம். மயிரில்லாத தலை மாறவில்லை, அதனை அடையும் வழியே மாறியது. பல்லவ மன்னன் பாடலியின் பள்ளிகளை இடித்து அக்கற்களால் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறார் சேக்கிழார். பறித்த தலையின் காலம் இவ்வூரில் அத்துடன் மங்கியது.

தெற்கே ஏறத்தாழ 45 கி.மீ. சென்றால் சிதம்பரம். அங்கே தில்லைத் தீட்சிதர்கள் இன்றும் முன்குடுமி தரித்து வருகின்றனர். குடுமியைப் பராமரிப்பு அற்ற எளிய கோலம் என்று நினைப்பது தவறு. நீள வளர்ந்த பகுதிக்கு எண்ணெயும் சீப்பும் வேண்டும், ஈரம் உலர்வதற்குள் முடிந்தால் நாற்றமும் பூஞ்சையும் பற்றும். எஞ்சிய பகுதிக்கோ அடிக்கடி கத்தி வேண்டும். முப்பது நாற்பது தலைமுறைக்கு முன் சமண முனிவர் தவிர்த்த நாவிதர் இங்கே இன்றியமையாதவர் ஆகிறார்.

அந்த நாவிதரைத் தமிழகம் நடத்திய விதம் விந்தையானது. மருத்துவர், பண்டிதர் என்பன அவருக்கு வழங்கிய பெயர்கள். புண் அறுத்தவரும் அவரே, பிள்ளைப்பேறு பார்த்தவர் அவர் வீட்டுப் பெண்டிரே. எனினும் ஊரின் தலைகளையெல்லாம் தொட்ட கைக்குச் சமமான இருக்கை கிடைக்கவில்லை. அதே கை, ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அஞ்சிச் சேரித் தலைகளைத் தொட மறுத்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இத்தகைய மறுப்பைத் தண்டனைக்குரியதாக்கியது. அதன் பின்னும் பல ஊர்களில் மறுப்பு நீடித்தது.

இந்தப் பின்னணியில்தான் 'கிராப்பு' வந்த கதையைப் படிக்கவேண்டும். காசியில் குடுமியை நீக்கி மீசை வைத்துக்கொண்ட இளைஞர் பாரதி. அவரையே 1918 நவம்பரில் கடலூரில் கைது செய்து சிறையில் வைத்தனர். பறங்கிக் கோலம் என்று பெரியவர்கள் வெறுத்த கிராப்பு, இருபதாம் நூற்றாண்டில் மாணவரிடமும் எழுத்தரிடமும் பரவியது. குடுமி பார்த்தவுடன் குலம் சொல்லும், கிராப்பு சொல்லாது. வீட்டுத் திண்ணைக்கு வந்துபோன நாவிதரும் கடைவீதியில் நாற்காலியும் கண்ணாடியும் செய்தித்தாளும் வைத்துச் சலூன் திறந்தார். பின்னாளில் திராவிட இயக்க ஏடுகளை உரக்கப் படித்த இடங்களுள் அவையும் சேரும்.

எளிதில் பேணக்கூடிய முடி எது என்று இன்று மாணவர்கள் கேட்டால் விடை கடினமன்று. காதுக்கு மேல் குறுக வெட்டி, மாதம் ஒருமுறை திருத்தினால் போதும். வாரம் இருமுறை நல்லெண்ணெய் சிறிது தடவிச் சீயக்காயோ அரப்போ தேய்த்துக் குளிக்கலாம். அவற்றின் நுரை மென்மையானது, தோலின் இயற்கை எண்ணெயை முற்றும் வழித்தெடுக்காது. முடியை இறுக இழுத்துக் கட்டுவதை நாளும் செய்தால் வேர் தளர்ந்து நெற்றி ஏறும். வடலூர் வள்ளலார் போற்றிய கரிசலாங்கண்ணியைக் காய்ச்சிய எண்ணெய் நம் வட்டாரத்துப் பழவழக்கம்.

ஆயினும் இவ்வளவு எளிமையும் ஒருவரைச் சார்ந்தது. சமண முனிவர் யாரையும் சாராதிருக்க வலியை ஏற்றார். நாமோ நாற்காலியில் அமர்ந்து, முன்பின் அறியாத ஒருவரின் கத்தரிக்குத் தலையைக் கொடுக்கிறோம். நமக்கு முன் அதே நாற்காலியில் அமர்ந்தவர் யார், எந்தத் தெரு என்று கேளாமல் அமர முடிவது அண்மைக்காலப் பேறு. அதுவும் எல்லா ஊர்களிலும் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.